ஏறுன வேகத்துலயே எறங்கு: கொங்கு மலைப்பாதைகளில் பாரம் இழுத்த கதை

போன மாசம் ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் அக்கா பையன் கூப்பிட்டான். குடும்பத்தோடு பத்து நாள் சுற்றுலா. பிக்கப் வண்டி ஒன்று வாடகைக்கு எடுத்து, அதன் பின்னால் 24 அடி நீளத்துக்கு ஒரு நடமாடும் வீட்டையும் கோத்துக்கொண்டு போயிருக்கிறான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ட்ரெய்லர். வயோமிங் மாநிலத்தில் டீட்டன் கணவாய் ஏறி இறங்கும்போதுதான் கூப்பிட்டான்.

"மாமா, ப்ரேக்கு கருகுற வாசம் அடிக்குதுங்க. ஒரு ஓரமா நிறுத்திட்டேன். சக்கரத்துல புகை வருது. தண்ணி ஊத்தட்டுங்களா?"

"ஊத்தாத மாப்ளே. சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுக் கொழந்தைகளைக் கூட்டிட்டு எறங்கி நில்லு. அதுபாட்டுக்கு ஆறட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல. அப்புறம் ஏறுன கியர்லயே எறங்கு."

முக்கால் மணி நேரம் கழித்து, அடிவாரம் சேர்ந்துட்டேன் என்று செய்தி அனுப்பினான். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனிடம் சொன்ன வார்த்தையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "ஏறுன கியர்லயே எறங்கு" என்பது அப்பா சொன்னது. அவர் லாரி ஓட்டினவர். அவருக்கு அதைச் சொன்னது அவருடைய அப்பா, எங்கள் அப்பாரு. அப்பாரு ஓட்டியது மாட்டு வண்டி. மாட்டு வண்டியில் ஏது கியர்? அவர் சொன்னது "ஏறுன வேகத்துலயே எறங்கு" என்பதாம். லாரி வந்ததும் வேகம் கியராக மாறிவிட்டது. மற்றபடி அதே வாக்கியம் வயோமிங் வரைக்கும் போய்விட்டது.

தொண்டாமுத்தூரில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். ஆனால் அந்த மலைமேல் பாரத்தை எப்படி ஏற்றினார்கள் என்று நான் ஒழுங்காக யோசித்ததே இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு தேடிப் பார்த்ததும் வீட்டில் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு

பத்துக்கு ஒன்று சரிவு என்றால், பத்து அடி முன்னால் போனால் ஒரு அடி உயரம். டீட்டன் கணவாயின் செங்குத்தான பகுதி அப்படித்தான். 3 டன் ட்ரெய்லரை அந்தச் சரிவில் நிறுத்தினால், அது சுமார் 300 கிலோ விசையோடு கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏறும்போது எஞ்சின் அதைத் தாங்குகிறது. இறங்கும்போது யார் தாங்குவது?

கணவாயின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 650 மீட்டர் இறக்கம். அந்த 3 டன் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலை முழுக்க ப்ரேக்கிலேயே வாங்கினால், அந்தச் சூட்டில் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை உள்ளங்கை அகல ப்ரேக் பட்டைகளில் வைத்துக் காய்ச்சுவது மாதிரி. புகை வராமல் என்ன செய்யும்? கியரைக் குறைத்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. ப்ரேக் தப்பிக்கிறது.

மலைப்பாதையின் சரித்திரம் முழுக்க இந்தக் கணக்குத்தான். ஏற்றுவது எப்படி என்று எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். இறக்குவது எப்படி என்பதில்தான் உயிர் போயிருக்கிறது.

சக்கரம் இல்லாத காலம்

கொங்கு நாட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மலையையே பிளந்து வழி விட்டிருக்கிறது. கேரளாவுக்குப் போகிற வண்டி மலையேற வேண்டியதே இல்லை. ஆனால் வடக்கே மைசூருக்குப் போக வேண்டுமானால் ஏறித்தான் ஆகவேண்டும். பழைய வழி கெஜலெட்டி கணவாய். நீலகிரிக்கும் தலமலைக்கும் நடுவே, மாயாற்றுப் பக்கமாகப் போகும் பாதை. அதன் தெற்கு வாசலில் இருந்த காவல் ஊர் தணாயக்கன்கோட்டை. 1950களில் பவானிசாகர் அணை கட்டியபோது அந்தக் கோட்டை தண்ணீருக்குள் போய்விட்டது.

அந்த வழியில் சாதாரண வியாபாரம் பொதிமாட்டில் நடந்தது. முதுகின் இரண்டு பக்கமும் மூட்டை. உப்பு மேலே போகும், தானியம் கீழே வரும். பொதிமாட்டுக்கு ரோடு வேண்டாம், தடம் போதும். வளைவு, சரிவு எதுவும் அதற்குப் பிரச்சினை இல்லை. மாடு தன் பாரத்தைத் தானே சுமக்கிறது, எதையும் இழுப்பதில்லை. இழுக்க ஆரம்பித்தால்தான் சிக்கல்.

இழுக்கவேண்டிய கட்டாயம் பீரங்கியோடு வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஜூலையில், ஜெனரல் மெடோஸ் தலைமையில் ஆங்கிலப் படை கோயம்புத்தூரைப் பிடித்தது. கெஜலெட்டி வழியாக மைசூருக்கு ஏறுவது அவர் திட்டம். அவர் ஏறுவதற்கு முன்னால், செப்டம்பரில், திப்பு அதே கணவாய் வழியாகப் பெரும்படையோடும் பீரங்கிகளோடும் இறங்கி வந்துவிட்டார். சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதல். திப்புவின் குண்டுவீச்சில் ஆங்கிலேயரின் இழுவை மாடுகள் பல செத்து விழுந்தன. மறுநாள் பின்வாங்கும்போது சில பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். பீரங்கி பழுதாகவில்லை, இழுக்க மாடு இல்லை, அவ்வளவுதான்.

மைசூர்ப் பக்கம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அமிர்தமகால் என்ற பெயரில் அரசே மாடு வளர்த்தது பாரம் இழுக்கத்தான். திப்புவுக்குப் பிறகு ஆங்கிலேயரும் அந்தப் பண்ணையை நடத்தினார்கள். நம் பக்கம் சமவெளிக்குக் காங்கேயம் மாடு, அந்தியூர் மலைமேல் பர்கூர் மாடு. பர்கூர் மாடு உருவத்தில் சின்னது, ஆனால் மேட்டில் அசராது. இன்றைக்கு நாட்டுமாடு என்றால் பாலைப் பற்றியும் ஜல்லிக்கட்டைப் பற்றியும்தான் பேசுகிறோம். அந்தக் காலத்தில் அது எஞ்சின்.

சல்லிவன் தடமும் வண்டிப் பாதையும்

1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. அவர் போட வைத்த முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் திம்மட்டி வரை போனது. 1823ல் முடிந்தது. அது குதிரைக்கும் பல்லக்குக்கும் பொதிமாட்டுக்குமான தடம், வண்டிப் பாதை இல்லை. ஊட்டியின் ஆரம்ப கால வீடுகளுக்கான சாமான்களில் பெரும்பகுதி மனிதத் தலையிலும் மாட்டு முதுகிலும்தான் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து 1830-32ல் ராணுவப் பயனியர் படையினர் குன்னூர் மலைப்பாதையை வெட்டினார்கள். அதிலும் சரிவு அதிகம், பாரவண்டிக்குத் தோதுப்படவில்லை. 1870களின் தொடக்கத்தில்தான் சரிவைக் குறைத்து, வளைவைக் கூட்டி, புதிய குன்னூர் பாதை முடிந்தது. அந்த வேலையை நடத்திய லா என்ற பொறியாளர் பெயரில்தான் குன்னூர் பக்கத்தில் இருக்கும் லாஸ் நீர்வீழ்ச்சி. இன்றைக்கு பர்லியார் வழியாக நாம் போகும் 14 கொண்டை ஊசி வளைவுப் பாதையின் அடிப்படை அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சரிவைக் குறைத்தால் தூரம் கூடும். தூரம் கூடினால் மலைப்பக்கம் இடம் போதாது, திரும்பித் திரும்பி வரவேண்டும். அதாவது கொண்டை ஊசி வளைவு என்பதே மாட்டுக்காக மலையிடம் பேசி முடித்த ஒரு சமரசம். "மாடு மூச்சுவிட இடம் கொடு, நான் சுற்றி வருகிறேன்" என்பது.

எங்கள் அப்பாரு அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர். ரயில் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டிகள் ஏறிக்கொண்டுதான் இருந்தனவாம். தானியம் மேலே, திரும்பும்போது உருளைக்கிழங்கு. அப்பா சொல்லக் கேட்ட விவரம் இது:

மேடு கடுமையாக இருக்கும் இடத்தில் இன்னொரு வண்டியின் ஜோடியை அவிழ்த்து முன்னால் கட்டுவார்கள். நாலு மாடு ஒரு வண்டியை மேலே சேர்க்கும். பிறகு நாலும் இறங்கிவந்து அடுத்த வண்டியை ஏற்றும். ஆனால் வளைவு வந்ததும் முன் ஜோடியை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால், முன் மாடுகள் வளைவைத் தாண்டித் திரும்பி இழுக்கும்போது கயிறு வளைவைக் குறுக்கே வெட்டும். வண்டி உள்பக்கமாக இழுபட்டுச் சக்கரம் பாறையில் ஏறும், இல்லை பள்ளத்தில் விழும்.

இதைக் கேட்டபோது எனக்கு அந்த 24 அடி ட்ரெய்லர் ஞாபகம் வந்தது. நீளமான எதுவும் வளைவில் அப்படித்தான். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கரும்புப் பாரத்தோடு ட்ராக்டர் ட்ரெய்லரைச் சந்துக்குள் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இறங்கும்போது? பின்பக்கம் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தரையில் இழுத்துவர விடுவார்கள். சக்கரத்தோடு ஒட்டி இன்னொரு கட்டை, அதற்கு ஒரு கயிறு. வண்டிக்காரர் உட்கார மாட்டார். நடந்துகொண்டே கயிற்றைப் பிடிப்பார். அப்படியும் ஒருமுறை மழையில் கயிறு அறுந்துவிட்டது. உருளைக்கிழங்குப் பாரம் பின்னாலிருந்து தள்ள, மாடுகள் ஓடத் தொடங்கின. இடதுபக்க மாடு கால் மடங்கி விழுந்து, அதன் மேலேயே வண்டி நின்றது. வண்டி தப்பியது, வலதுமாடு தப்பியது. விழுந்தது தப்பவில்லை. அப்பாரு ஒற்றை மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊர்வரைக்கும் நடந்தே வந்தாராம். ஆத்தா அடுப்பில் சோறு வைத்ததை மறந்து வாசலில் நின்று பார்த்ததாக அப்பா சொல்வார். ஏறுன வேகத்துலயே எறங்கு என்ற வாக்கியம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இழுக்காத ரயில்

மேட்டுப்பாளையம் வரை ரயில் 1873ல் வந்தது. அங்கிருந்து குன்னூருக்கு ஏற 1899 ஆயிற்று. ஊட்டியைத் தொட 1908. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஏறக்குறைய 1 அடி ஏற்றம். அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுவிஸ் நாட்டுக்காரர் ஆப்ட் கண்டுபிடித்த முறை.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு விவரம். அந்தப் பகுதியில் எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏன்? இழுத்துக்கொண்டு போனால், நடுவில் கொக்கி அறுந்தால், பெட்டிகள் கல்லாற்றுக்குத்தான் போகும். பள்ளத்துப் பக்கம் எஞ்சின் நின்றால், எது அறுந்தாலும் அதன் மேல்தான் வந்து சாயும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ப்ரேக் பிடிக்க ஒரு ஆள். கொடியைக் காட்டிக்காட்டி ஒருத்தருக்கொருத்தர் சைகை சொல்லிக்கொண்டே போவார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

"அறுந்தா என்ன ஆகும்?" என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வண்டியைக் கட்டியவர்கள் அவர்கள். அப்பாருக்கு அந்தக் கேள்வியை மலை கேட்டது, கயிறு அறுந்த பிறகு.

மின்சாரத்துக்காக ஏறிய இரும்பு

1932ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியது தெரிந்த கதை. ஆனால் ஆலை ஓடுவதற்கு முன்னால் குழாயும் இயந்திரமும் மலைக்காட்டுக்குள் போயாக வேண்டுமே. கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குச் செங்குத்தாக இறங்கும் விஞ்ச் பாதை அந்தப் பிரச்சினைக்கு ஒரு பதில். வளைவே வேண்டாம், இரும்புக் கயிற்றில் கட்டி நேராக இறக்கு, ஏற்று.

குந்தா திட்டம் வந்தபோது கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. 1960-61 வாக்கில் முதல் நிலையங்கள் ஓடத் தொடங்கின. காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் போகும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பஸ்ஸில் போனாலே வயிற்றைப் பிசையும். பக்கத்தில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கும்போது, ஒவ்வொரு துண்டும் யாரோ ஒரு ஓட்டுநர் வளைவு வளைவாக முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொள்வேன். அணையில் கல்வெட்டு இருக்கிறது. அதில் அந்த ஓட்டுநர் பெயர் இல்லை.

ஏற்றாமல் இருப்பதும் ஒரு முடிவு

பொறியியல் வளர்ந்துவிட்டது, இனி எதையும் எங்கேயும் இழுக்கலாம் என்று தோன்றும். 2018 கடைசியில் வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒரு விஸ்வரூபப் பெருமாள் சிலைக்கான கல் கிளம்பியது ஞாபகம் இருக்கும். 240 சக்கர ட்ரெய்லர், 300 டன்னுக்கு மேல் பாரம். செஞ்சியில் கடைகளை இடித்து வழி விட்டார்கள். தென்பெண்ணையைக் கடக்க மண்பாதை போட்டார்கள். போய்ச்சேர ஏறக்குறைய ஆறு மாசம். பணமும் பொறுமையும் இருந்தால் முடியும்தான். ஆனால் வழியில் இருப்பவர்கள் நகர்ந்து கொடுக்க வேண்டும்.

திம்பத்தில் நகர்ந்து கொடுக்க ஆள் இல்லை. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு. சுற்றிலும் 2013ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 12 சக்கர லாரி ஒன்று வளைவில் சிக்கினால் இரண்டு மாநிலப் போக்குவரத்தும் மணிக்கணக்கில் நிற்கும். ராத்திரியில் யானைக்கும் சிறுத்தைக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இரவுத் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பிறகு சில தளர்வுகள் வந்தன. ஆனால் 12 சக்கர லாரிக்கும் 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கும் பகலிலும் வழி இல்லை என்றானது.

தாளவாடி விவசாயிகள் போராடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காய்கறி ராத்திரியில் கிளம்பினால்தான் விடிகாலைச் சந்தைக்கு வரும். தொண்டாமுத்தூரில் தக்காளி போடுகிறவனுக்குச் சந்தை அரைமணி தூரம், தாளவாடிக்காரனுக்கு நடுவில் ஒரு மலை. ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாவற்றுக்கும் அதே மலைதான். "காட்டைக் காப்பாத்துங்க" என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்வது எனக்கு லேசு.

இருந்தாலும், பெரிய வண்டிக்கு மட்டும் வைத்த எல்லையை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். உலகம் முழுக்க மலைக்காரர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அக்கா பையன் இறங்கிய டீட்டன் கணவாயில் குளிர்காலம் முழுக்க ட்ரெய்லருக்குத் தடை. மொன்டானாவில் பனிப்பாறைத் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி உச்சிப் பகுதிக்கே போகமுடியாது. நார்வேயின் டிரால்ஸ்டிகன் பாதையிலும் நீளத்துக்கு அளவு உண்டு. நம் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டி ஏறலாம், இறங்கக்கூடாது. இந்த விதி போட்டவருக்கு மலை தெரிந்திருக்கிறது. ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் என்று தெரிந்தவர் போட்ட விதி அது.

இன்னொன்று. சீசன் சமயத்தில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கி விடுவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் சல்லிவன் பொதிமாட்டுக்காகத் தடம் போட்ட அதே கோத்தகிரிப் பக்கம்தான் இன்றைக்கும் கூட்டத்தைத் தாங்குகிறது.

அக்கா பையன் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் பேசினான். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் ட்ரெய்லரின் ப்ரேக்கைப் பற்றி ஐந்து நிமிஷம் சொன்னார்களாம். இவன் குளிர்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அரைமணி நேரம் கேட்டானாம். "எல்லாம் ஏறிடும்னு நெனச்சேன் மாமா. எறங்கறத நெனைக்கவே இல்லீங்க" என்றான்.

நான் அப்பாருவின் ஒற்றை மாட்டுக் கதையைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த மாட்டுக்கு என்ன பேருங்க மாமா?" என்று கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்: "மயிலை."

உங்கள் வீட்டிலும் மலைமேல் பாரம் ஏற்றிய யாராவது இருப்பார்கள். வண்டியோ, லாரியோ, தலைச்சுமையோ. இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.